வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பித்தபடியே தகுதியை உயர்த்திக்கொள்வது: டெல்டா மாவட்ட ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கத்துக் கலைக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படித்து, உள்ளூர் மெட்ரிக் பள்ளியில் ஓரிரண்டு ஆண்டு வேலை பார்த்து, பிறகு மாலத்தீவுக்கோ ஓமனுக்கோ வியட்நாமுக்கோ ஆசிரியராகச் செல்கிறவர்கள் நம் பகுதியில் உண்டு. முதல் ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: அடுத்து என்ன படித்தால் இதைவிட நல்ல இடத்துக்குப் போகலாம்? மாலத்தீவில் நான்கு ஆண்டும் ஓமனில் ஐந்து ஆண்டும் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குக் கிடைத்த விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சி பெற்ற ஒருவர் உங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, நீங்கள் கற்பிப்பதை முழுமையாகப் பார்த்து, அதற்கு மதிப்பீடு எழுதிய தகுதிதான் உங்களை மேலே தூக்கும். மற்றச் சான்றிதழ்கள் எத்தனை சேர்ந்தாலும் கோப்பின் எடையைத்தான் கூட்டும். எதை எந்த வரிசையில் செய்வது என்பதை இனிப் பார்க்கலாம்.

முதற்படி: கையிலுள்ள காகிதங்களைச் சரிசெய்வது

புதிய படிப்பைப் பற்றி யோசிக்கும் முன்பு பழைய பட்டத்தை எடுத்து மேசைமேல் வையுங்கள். நம்மவர்களுக்கு வரும் தொல்லைகளில் பெரியது பெயர்தான். பட்டச் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும்; கடவுச்சீட்டில் அது விரிந்து முழுப்பெயராக இருக்கும்; பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும்; திருமணமான பெண்களுக்குக் கணவர் பெயரும் வந்து சேர்ந்திருக்கும். நமக்கு இது இனிஷியல் என்று விளங்கும், மஸ்கட்டிலோ ஹனோயிலோ கோப்பைத் திறக்கும் அலுவலருக்கு இது இரண்டு வெவ்வேறு ஆட்களின் ஆவணமாகத் தெரியும். ஆகவே கடவுச்சீட்டில் உள்ள பெயரையே இனி எழுதும் எல்லாத் தேர்வுகளுக்கும் ஓர் எழுத்துகூட மாறாமல் கொடுங்கள். பழைய ஆவணங்களோடு பெரிய வேறுபாடு இருந்தால் ஊரில் இருக்கும்போதே தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிட்டுக்கொள்வது நல்லது. வெளிநாட்டிலிருந்து இதைச் செய்வதற்கு ஆகும் அலைச்சல் கொஞ்சமல்ல.

அடுத்தது அட்டெஸ்டேஷன். பாரதிதாசன் பல்கலைக்கழகப் பட்டமாக இருந்தாலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பட்டமாக இருந்தாலும், பல்கலைக்கழகம் மெய்த்தன்மையை உறுதிசெய்த பிறகு சென்னைத் தலைமைச் செயலகத்தில் உயர்கல்வித் துறையின் சான்றொப்பமும், அதன்பின் ஒன்றிய அயலுறவு அமைச்சகத்தின் முத்திரையும் தேவைப்படும். ஒரு நாட்டின் ஆவணத்தை மற்ற உறுப்பு நாடுகள் ஒரே சான்றொட்டோடு ஏற்றுக்கொள்ளும் ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005ஆம் ஆண்டிலேயே சேர்ந்துவிட்டதால், அதில் உறுப்பினராக உள்ள ஓமன், சவூதி அரேபியா போன்ற நாடுகளுக்கு அமைச்சகம் ஒட்டும் அப்போஸ்டில் வில்லையே போதுமானதாகக் கொள்ளப்படுகிறது. ஐக்கிய அரபு அமீரகம் அதில் இல்லாததால் அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரையையும் தனியாகப் பெற வேண்டியிருக்கும். அஞ்சல்வழியில் படித்தவர்கள் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும்: தாங்கள் சேர்ந்த ஆண்டில் அந்தப் பாடத்திட்டத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு ஒப்புதல் அளித்திருந்ததா என்பதைத் தளத்தில் சரிபார்த்து, அந்தப் பக்கத்தை அச்சிட்டுக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது இந்த ஒரு தாள் பல வாரக் கடிதப் போக்குவரத்தை மிச்சப்படுத்தும்.

இரண்டாம் படி: பள்ளியா, மொழி மையமா

புதியவர்கள் பெரும்பாலும் தவறுகிற இடம் இது. வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிப்பது என்பது ஒரு தொழில்போலத் தோன்றினாலும் உள்ளே இரண்டு தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன. பள்ளிக்கூடப் பாதையில், குறிப்பாக வளைகுடாவில் உள்ள சிபிஎஸ்இ பள்ளிகளில், பி.எட். பட்டம் இல்லாமல் நிலையான பணி கிடைப்பது அரிது. வயதுவந்தோருக்குக் கற்பிக்கும் மொழி மையங்கள், கல்லூரிகளின் அடித்தள ஆண்டு வகுப்புகள் ஆகியவற்றின் பாதையிலோ பி.எட். பெரிதாக எடுபடாது, அங்கே செல்டா (கேம்பிரிட்ஜ் வழங்கும் ஆங்கிலக் கற்பித்தல் சான்றிதழ், CELTA) அல்லது டிரினிட்டி செர்ட் டெசோல் (லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இதையொத்த சான்றிதழ், CertTESOL) என்ற சொல்லைத்தான் தேடுவார்கள். ஒரு பாதைக்குரிய தகுதியை வாங்கி மற்றப் பாதையில் வேலை தேடினால் பணமும் ஆண்டும் வீணாகும்.

பள்ளிப் பாதைதான் உங்களுக்கு உகந்தது என்றால், பி.எட். முடிக்காமல் விமானம் ஏறாதீர்கள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பிறகு அது இரண்டாண்டுப் படிப்பாகிவிட்டது. அதில் 20 வாரங்கள் பள்ளி சார்ந்த பயிற்சிக்குப் போகின்றன. தொலைநிலையில் பி.எட். உண்டு என்றாலும் அது ஏற்கெனவே ஆசிரியப் பயிற்சி பெற்றுத் தொடக்கப் பள்ளியில் பணியாற்றுபவர்கள் போன்ற வரையறுக்கப்பட்ட பிரிவினருக்கானது. "நீங்க மாலேயிலயே இருங்க சார், ரெகுலர் பி.எட். நாங்க பார்த்துக்கறோம்" என்று தொலைபேசியில் சொல்லும் ஏஜென்ட் உங்களிடம் விற்க வருவது வருகைப் பதிவேட்டில் ஒரு பொய்க் கையெழுத்து. கடவுச்சீட்டில் நீங்கள் வெளிநாட்டில் இருந்த தேதிகள் முத்திரையாக விழுந்திருக்கும்போது, அதே தேதிகளில் பட்டுக்கோட்டையில் வகுப்புக்கு வந்ததாகக் காட்டும் சான்றிதழால் என்ன பயன்?

தென்கொரியாவை நினைப்பவர்களுக்கும் இதே அறிவுரைதான். அங்கே ஆங்கில ஆசிரியர் விசா பொதுவாக ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட 7 நாடுகளின் குடிமக்களுக்கே வழங்கப்படுகிறது. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தின் வழியாக இந்தியருக்கு ஒரு குறுகிய வாசல் திறந்திருக்கிறது. அந்த வாசலில் முதலில் கேட்கப்படுவது பட்டமும் ஆங்கிலத்துக்கான ஆசிரியத் தகுதியும்தான்.

மூன்றாம் படி: "120 மணி நேரம்" என்ற சொல்லைப் படிக்கக் கற்றுக்கொள்வது

இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு 120 மணி நேர டெஃபல், அதாவது ஆங்கிலத்தை வேற்றுமொழியாகக் கற்பிப்பதற்கான சான்றிதழ் கிடைக்கும். வியட்நாம் போன்ற சில நாடுகளில் வேலை அனுமதிக்குப் பட்டத்தோடு கற்பித்தல் சான்றிதழ் ஒன்றையும் கேட்பதால், அந்தத் தேவைக்கு அது உதவக்கூடும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். நானும் மாலத்தீவில் இருந்தபோது அப்படி ஒன்றை வாங்கி, பொன்னிற முத்திரையோடு வந்த அந்தத் தாளை லேமினேட் செய்து, வளைகுடாவில் ஒரு மொழி மையத்துக்கு நேர்காணலுக்கு எடுத்துச் சென்றேன். நேர்காணல் செய்த அம்மையார் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: இதில் கண்காணிக்கப்பட்ட கற்பித்தல் எத்தனை மணி நேரம்? ஒன்றுமில்லை என்றேன். தாள் மேசையின் இந்தப் பக்கத்துக்கே திரும்பி வந்தது.

செல்டாவும் ஏறத்தாழ 120 மணி நேரப் படிப்புதான். டிரினிட்டி செர்ட் டெசோல் 130 மணி நேரம். ஆனால் இரண்டிலும் உண்மையான மாணவர்களுக்கு 6 மணி நேரம் நீங்கள் பாடம் நடத்த வேண்டும், அதைப் பயிற்றுநர் பார்த்து மதிப்பிட வேண்டும். இரண்டும் இங்கிலாந்தின் தகுதிச் சட்டகத்தில் 5ஆம் நிலையில் வைக்கப்பட்டுள்ளன. மலிவான படிப்புகளும் தங்களை 5ஆம் நிலை என்று விளம்பரப்படுத்துவதால், ஆஃப்குவால் என்ற அந்நாட்டு ஒழுங்காணையத்தின் பொதுப் பதிவேட்டில் அந்தத் தகுதியின் பெயரைத் தேடிப் பாருங்கள். பதிவேட்டில் இருந்தாலும் கண்காணிக்கப்பட்ட கற்பித்தல் உண்டா என்று எழுத்து மூலமாகக் கேட்டுப் பதில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

நான்காம் படி: டிகேடியில் தொடங்கிச் செல்டாவுக்குப் போவது

செல்டாவுக்கு ஆகும் செலவு ஒரு லட்சத்தைத் தாண்டும். நகையை அடகு வைத்து, தயாரிப்பில்லாமல் நேராக அதில் போய் விழுவதைவிட, முதல் ஆண்டில் கேம்பிரிட்ஜின் டிகேடி (கற்பித்தல் அறிவுத் தேர்வு, TKT) தேர்வை எழுதுவது புத்திசாலித்தனம். அதில் மூன்று முக்கியப் பகுதிகள் உள்ளன: மொழியும் மொழி கற்றலின் பின்புலமும், பாடத் திட்டமிடல், வகுப்பு மேலாண்மை. ஒவ்வொன்றும் 80 நிமிடத்தில் விடையளிக்க வேண்டிய 80 கொள்குறி வினாக்கள் கொண்டது. தேர்ச்சி, தோல்வி என்று இல்லாமல் 1 முதல் 4 வரை தரநிலை கொடுப்பார்கள். மூன்றையும் ஒரே நாளில் எழுதவேண்டிய கட்டாயமில்லை என்பதால் ஆறு மாதத்துக்கு ஒன்றாக எழுதலாம். இதிலும் வகுப்பைப் பார்ப்பவர் யாருமில்லை, ஆகவே இதை இறுதி இலக்காகக் கொள்ள வேண்டாம். செல்டா வகுப்பில் முதல் நாளே பொழியப்படும் கலைச்சொற்களை முன்கூட்டியே கற்றுக்கொள்ளும் நாற்றங்கால் இது. நாற்றங்கால் சரியாக இருந்தால் நடவுக்குப் பிறகு பயிர் துவளாது.

செல்டாவுக்கு விண்ணப்பிக்கும்போது ஒரு மொழி விழிப்புணர்வுப் பணியைச் செய்து அனுப்ப வேண்டும், பிறகு நேர்காணல். உங்கள் ஆங்கிலம், மொழித்திறனை அளக்கும் ஐரோப்பியப் பொதுச் சட்டகத்தில் உச்ச நிலையான சி2 அல்லது அதற்கு அடுத்த சி1இன் மேற்பகுதியில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதைக் கேட்டதும் நம்மவர்கள் உச்சரிப்பை நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். பயப்படத் தேவையில்லை, நேர்காணலில் பார்ப்பது தெளிவும் இலக்கண அறிவும்தான், லண்டன் சாயல் அவர்கள் பட்டியலில் இல்லை. வலங்கைமானில் 1869இல் பிறந்து, பள்ளி ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் வேலை பார்த்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியாரைத்தான் ஆங்கிலேயர்களே வெள்ளிநாக்குப் பேச்சாளர் என்று கொண்டாடினார்கள் என்பதை நேர்காணலுக்கு முதல் நாள் இரவு நினைத்துக்கொள்ளலாம்.

படிப்பு தொடங்கியபின் நம்மைத் தடுமாற வைப்பது மொழி அறிவு அல்ல, பழக்கம். கரும்பலகைக்கு முன் நின்று நாற்பது நிமிடம் விளக்குவதையே நல்ல ஆசிரியருக்கு அடையாளமாகக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். விளக்கி முடித்ததும் "புரிந்ததா?" என்போம், வகுப்பு ஒரே குரலில் "யெஸ் சார்" என்னும். செல்டா பயிற்றுநர் இதைப் பார்த்தால் கற்றல் நடந்ததற்கு ஆதாரம் எங்கே என்று எழுதுவார். எடுத்துக்காட்டாக, "மை கிராண்ட்ஃபாதர் யூஸ்டு டு ஸ்மோக்" என்ற வாக்கியத்தைக் கற்பிக்கிறீர்கள் என்றால், முன்பு புகைத்தாரா, ஒருமுறையா பலமுறையா, இப்போது புகைக்கிறாரா என்று மூன்று சிறு வினாக்களைக் கேட்க வேண்டும். மூன்றாவதற்கு மாணவர் "இல்லை" என்று சொன்னால்தான் பொருள் போய்ச் சேர்ந்திருக்கிறது. இந்த மூன்று வினாக்களைப் பாடக் குறிப்பில் முன்கூட்டியே எழுதி வைக்கும் பழக்கத்தை, படிப்பில் சேர்வதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே உங்கள் சொந்த வகுப்பில் தொடங்கிவிடுங்கள். அதேபோல் ஒரு வகுப்பில் நீங்கள் பேசும் நேரத்தைக் கைபேசியில் உங்கள் குரலை மட்டும் பதிந்து அளந்து பாருங்கள். பிள்ளைகளை ஒளிப்பதிவு செய்யாதீர்கள். பள்ளியின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி அது வளைகுடாவில் வேலைக்கே உலை வைக்கும். நான் முதன்முறை அளந்தபோது 45 நிமிட வகுப்பில் 34 நிமிடம் நானே பேசியிருந்தேன்.

நமக்குச் சாதகமான இடமும் உண்டு. செல்டாவின் நான்கு எழுத்துப் பணிகளில் ஒன்று, மாணவரின் மொழிச் சிக்கலை ஆராய்வது. அரபு பேசுபவர் ‘பார்க்’ (park) என்னும் சொல்லின் முதல் ஒலியான p-ஐ b போலக் குழைத்துச் சொல்வதற்குக் காரணம், அவர் மொழியில் அந்த ஒலியே இல்லாததுதான். ஒரே ‘ப’வை இரண்டு ஒலிக்கும் எழுதிப் பழகிய தமிழருக்கு இந்தச் சிக்கல் உள்ளிருந்தே விளங்கும். ஆங்கிலத்தைப் பிறவியிலேயே பேசுபவர் நூலைப் பார்த்து எழுதும் பகுதியை நீங்கள் அனுபவத்திலிருந்து எழுதலாம்.

ஐந்தாம் படி: நாளையும் நேரத்தையும் பொருத்துவது

முழுநேரச் செல்டா நான்கு அல்லது ஐந்து வாரங்களில் முடியும்; அந்த வாரங்களில் வேறு எதற்கும் நேரம் இராது. வளைகுடாவில் பணிபுரிபவர்கள் கோடை விடுமுறையில் ஊருக்கு வரும்போது இந்தியாவில் உள்ள மையம் ஒன்றில் சேர்ந்து முடித்துவிடலாம். மேட்டூரிலிருந்து தண்ணீர் வந்து, குறுவை வயல்கள் பச்சை கட்டி, ஆடிப்பெருக்குக்கு வீடு நிறைய உறவினர் கூடியிருக்கும் சமயத்தில் விடுதி அறையில் பாடக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்க நேரும் என்பதை அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. என் தங்கை நிச்சயதார்த்தத்துக்கு நான் இரவு பேருந்தில் வந்து மறுநாள் இரவே திரும்பினேன், அதற்கான பேச்சை இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பகுதிநேர, இணையவழி வகுப்புகளில் சேர்பவர்கள் கிழமைக் கணக்கைக் கவனிக்க வேண்டும். மாலத்தீவிலும் ஓமனிலும் வாரவிடுமுறை வெள்ளியும் சனியும்; ஞாயிறு வேலைநாள். சனி, ஞாயிறு வகுப்பு என்று மையம் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை பாதி உங்களுக்குப் பள்ளியில் போகும். இந்திய நேரப்படி மாலை ஆறரை மணி வகுப்பு ஓமனில் ஐந்து மணிக்கும், மாலேயில் ஆறு மணிக்கும், பாங்காக்கிலும் ஹனோயிலும் எட்டு மணிக்கும் தொடங்கும். பிரிட்டனில் உள்ள மையமாக இருந்து குளிர்காலத்தில் அங்கே மாலை ஆறு மணிக்கு வகுப்பு வைத்தால், மாலேயில் இருப்பவருக்கு இரவு பதினொன்று. தீவுப் பள்ளிகளில் காலை வகுப்பு சீக்கிரமே தொடங்கிவிடும் என்பதால் இதை மூன்று மாதம் தாங்குவது கடினம். மேலும் சிறு தீவில் இணையம் மழைநாளில் அறுந்து போகும். கண்காணிப்பு வகுப்பு நடக்கும் நாளில் இரண்டு வேறு நிறுவனங்களின் டேட்டா இணைப்பைக் கையில் வைத்திருங்கள்.

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அதன் முடிவு பொதுவாக இரண்டாண்டுக்கே செல்லும். விண்ணப்பம் கேட்கும்போது எழுதினால் போதும்.

ஆறாம் படி: டெல்டாக்காரர் டெல்டா வாங்குவது

பெயர்ப் பொருத்தம் தற்செயலானது. கேம்பிரிட்ஜின் உயர்நிலைப் பட்டயத்துக்கு டெல்டா என்று பெயர். அது 7ஆம் நிலைத் தகுதி, அதாவது முதுகலைக்கு ஒப்பான நிலை. செல்டா முடித்துக் குறைந்தது இரண்டாண்டு கற்பித்த பிறகே இதைத் தொடுவது நல்லது. வெளிநாட்டில் வேலையிலிருந்தபடியே படிப்பதற்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து வேறில்லை, ஏனெனில் இதன் மூன்று பகுதிகளையும் தனித்தனியாக, எந்த வரிசையிலும், பல ஆண்டுகளில் பிரித்து முடிக்கலாம்.

முதற்பகுதி ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும் எழுத்துத் தேர்வு. தலா ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு தாள்கள். இதற்கு வகுப்பறை தேவையில்லை, பழைய வினாத்தாள்களும் விடாப்பிடியும் போதும். மூன்றாம் பகுதி நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு சிறப்புத் துறையில், எடுத்துக்காட்டாகச் சிறார்க்குக் கற்பித்தல் அல்லது தேர்வுப் பயிற்சி வகுப்பில், உங்கள் மாணவர்களின் தேவையை ஆராய்ந்து ஒரு பாடத்திட்டம் வகுத்து 4,000 முதல் 4,500 சொற்களில் எழுதும் ஆய்வுப் பணி. உங்கள் சொந்த வகுப்பையே ஆய்வுக்களமாக வைத்துக்கொள்ளலாம் என்பதால் பள்ளிக்கும் அது பயன்படும்.

கடினமானது இரண்டாம் பகுதிதான். நான்கு வகுப்புகளை மதிப்பீட்டுக்காக எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பின்புலக் கட்டுரையும் விரிவான பாடத்திட்டமும் எழுத வேண்டும். கடைசி வகுப்பைப் பார்க்க வெளி மதிப்பீட்டாளர் வருவார். தொலைநிலையில் செய்பவர்களுக்கு உள்ளூரில் தகுதியுள்ள ஒரு வழிகாட்டியை மையம் ஏற்க வேண்டியிருக்கும். மஸ்கட், பாங்காக் போன்ற நகரங்களில் அப்படிப்பட்டவரைக் கண்டுபிடிக்கலாம். தொலைதூரத் தீவில் இருப்பவர் முதல், மூன்றாம் பகுதிகளை முடித்துவிட்டு, இரண்டாம் பகுதியை நகரத்துக்கு மாறிய பிறகு வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். பின்னாளில் டெசோல் (பிற மொழியினருக்கு ஆங்கிலம் கற்பித்தல்) துறையில் முதுகலை சேர நினைப்பவர்களுக்கு, டெல்டா முடித்திருந்தால் பாடப் புள்ளிகளில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளும் பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் உண்டு. சேர்வதற்கு முன் எத்தனை புள்ளிகள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இவற்றுக்கு இடையில் செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1974இல் தொடங்கப்பட்டுச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய ஆங்கில மொழி ஆசிரியர் சங்கம் ஓர் ஆய்விதழ் நடத்துகிறது. உங்கள் வகுப்பில் நீங்கள் செய்து பார்த்த ஒரு சிறு மாற்றத்தைப் பற்றி அதற்கு எழுதி அனுப்பிப் பாருங்கள். வெளிவந்தால் அடுத்த நேர்காணலில் பேசுவதற்கு உங்களுடையதென்று ஒரு பொருள் இருக்கும்.

ஏழாம் படி: நாட்டை விட்டுக் கிளம்பும் முன்

அனுபவச் சான்றிதழை விசா முடியும் வாரத்தில் கேட்காதீர்கள். டெல்டா மையமும் அடுத்த முதலாளியும் பார்ப்பது எத்தனை மணி நேரம், எந்த வயதினருக்கு, எந்த நிலைக்கு, எத்தனை பேர் கொண்ட வகுப்பு என்ற விவரங்களை. "இவர் நன்னடத்தை உடையவர்" என்ற ஒற்றை வரிக் கடிதத்தால் அவர்களுக்கு ஒரு பயனுமில்லை. ஆகவே முதல் மாதத்திலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகத்தில் வகுப்பு மணிகளை எழுதி வந்து, ஒவ்வொரு கல்வியாண்டின் முடிவிலும் பள்ளியின் லெட்டர்ஹெட்டில் தலைமையாசிரியரின் கையெழுத்தோடு அந்த விவரங்களை வாங்கிக்கொள்ளுங்கள். தலைமையாசிரியர்கள் மாறுவார்கள், சில பள்ளிகள் மூடப்படும்.

அந்தக் கடிதத்துக்கு அந்த நாட்டு அயலுறவு அமைச்சகத்தின் சான்றொப்பத்தையும் அங்கே இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். செல்டா சான்றிதழுக்கு முத்திரை கேட்கப்பட்டால், நீங்கள் சென்னையிலேயே படித்திருந்தாலும் அது பிரிட்டனில் வழங்கப்படும் ஆவணம் என்பதால், பெரும்பாலும் அந்நாட்டு அயலுறவு அலுவலகத்தின் அப்போஸ்டில்தான் வேண்டியிருக்கும். அதற்கான கூரியருக்கும் வழக்குரைஞர் சான்றுக்கும் ஒரு மாத அவகாசம் ஒதுக்கி வையுங்கள். மாலத்தீவை விட்டு வந்தபின் என் இரண்டாண்டு அனுபவச் சான்றுக்கு ஒரு முத்திரை வாங்க, அங்கே இன்னும் வேலையில் இருந்த நீடாமங்கலத்து நண்பர் ஒருவர் தன் விடுமுறை நாளில் படகேறி மாலேக்குப் போய்வர வேண்டியிருந்தது.